சிவப்பு லைட் எரிஞ்சதும் டிஸ்க்கை உருவாதீங்க

நாலஞ்சு டிஸ்க் போட்டு நெட்வொர்க்ல மாட்டி வெச்சிருக்கிற ஸ்டோரேஜ் பெட்டி, அதான் நாஸ், அதுல ஒரு டிஸ்க்குக்கு சிவப்பு லைட் எரிஞ்சா முக்கால்வாசி பேர் அதை உருவிட்டு புதுசை சொருகத்தான் பாப்பாங்க. ஆனா டேட்டா மொத்தமா போறது டிஸ்க் செத்த நேரத்துல இல்லைங்க, பெரும்பாலும் அதுக்கப்புறம் நாம அவசரப்பட்டு கை வைக்கிற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான்.

பெரிய விலையுயர்ந்த டிஸ்க் ஒண்ணுக்கு பதிலா விலை கம்மியான சின்ன டிஸ்க்குகளை கூட்டமா வெச்சா என்னன்னு பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ்னு மூணு பேர் 1988ல ஒரு பேப்பர் போட்டாங்க, இப்படி பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து வெக்கிறதுக்கு ரெய்டுங்கிற பேரே அங்கிருந்துதான் வந்துச்சு. டிஸ்க் அதிகமானா அதுல ஏதோ ஒண்ணு சாகுற வாய்ப்பும் அதிகமாகும் இல்லையா, அதுக்குத்தான் பேரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் போனா அதுல இருந்ததை கணக்கு போட்டு எடுக்க கூடவே எழுதி வெக்கிற பிட்.

ஒரு டிஸ்க் போனாலும் தாங்குற வகைக்கு ரெய்டு 5னு பேரு, அதுல நாலு டிஸ்க் இருக்குன்னு வைங்க. மூணுல டேட்டா பிட் 1, 0, 1. மொத்தத்துல ஒண்ணுங்க எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படையா வரணும்ங்கிறதுதான் விதி, ஏற்கனவே ரெண்டு ஒண்ணு இருக்கிறதால நாலாவதுல 0 எழுதுவாங்க. இப்ப ரெண்டாவது டிஸ்க் போச்சு, கையில இருக்கிறது 1, ?, 1, 0. இரட்டைப்படை வரணும்னா கேள்விக்குறி 0ஆ மட்டும்தான் இருக்க முடியும், அவ்ளோதான் கணக்கு. இந்த பேரிட்டி ஒரே டிஸ்க்ல உக்காந்திருக்காது, எல்லா டிஸ்க்லயும் மாறி மாறி வரும், இல்லைன்னா ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அந்த ஒரு டிஸ்க் மாட்டிக்கும்.

இதுல பலரும் கவனிக்காத விஷயம், எந்த டிஸ்க் போச்சுன்னு தெரிஞ்சாதான் இந்த கணக்கு வேலை செய்யும். ஒரு டிஸ்க் சத்தமே இல்லாம தப்பான பிட்டை குடுத்துச்சுன்னா ஏதோ இடிக்குதுன்னு பேரிட்டி சொல்லும், யாரு பொய் சொல்றான்னு சொல்லாது. இசட்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனியா செக்சம், அதாவது டேட்டா மாறிச்சான்னு காட்டுற ஒரு சரிபார்ப்பு நம்பர், வெச்சிருக்கிறது அதுக்காகத்தான்.

சரி, ஒரு டிஸ்க் இல்லாம அர்ரே, அதான் இந்த டிஸ்க் கூட்டம், ஓடிக்கிட்டு இருக்கு, புதுசை மாட்டி போன டேட்டாவை அதுல திரும்ப எழுதுற ரீபில்ட் போடுறீங்க. 10 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்துல நிக்காம எழுதினாலே பதினெட்டரை மணி நேரம் ஆகும், நடுவுல ஆளுங்க ஃபைல் திறந்துக்கிட்டே இருந்தா நாள் கணக்குல இழுக்கும். அது வரைக்கும் மிச்சம் மூணு டிஸ்க்கையும் முதல் செக்டர்ல (டிஸ்க்கோட ஒரு சின்ன துண்டு இடம்) இருந்து கடைசி செக்டர் வரைக்கும், மொத்தம் 30 டெராபைட், படிச்சாகணும். சாதாரண டிஸ்க்குல 10¹⁴ பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத செக்டர் வரலாம்னு கம்பெனிக்காரங்களே போட்டிருப்பாங்க, அது பன்னெண்டரை டெராபைட்டுக்கு ஒண்ணு. நிஜத்துல டிஸ்க்குங்க இதைவிட நல்லாத்தான் நடந்துக்கும், ஆனாலும் பெரிய டிஸ்க்குக்கு ரெண்டு பேரிட்டி இருக்கிற ரெய்டு 6தான் என் ஓட்டு. மாசம் ஒரு தடவை ஸ்கிரப், அதாவது எல்லா செக்டரையும் படிச்சு சரிபாக்குற வேலை, ஓட விடுறதும் முக்கியம், வருஷக்கணக்கா யாரும் தொடாத செக்டர் கெட்டுப்போனது ரீபில்ட் நடுவுல தெரிய வந்தா என்ன பிரயோஜனம்?

ஃபெயில்னு காட்டினாலே டிஸ்க் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டர்ல மாட்டினா ஒரு நிமிஷத்துக்கு மேலயும் திரும்பத் திரும்ப படிச்சு பாக்கும், லினக்ஸ் சாதாரணமா 30 நொடிதான் பொறுக்கும், பதில் வரலைன்னா ரீசெட் அடிச்சு பாத்துட்டு அந்த டிஸ்க்கை அர்ரேல இருந்து தூக்கி வெளிய போட்டுடவும் வாய்ப்பிருக்கு. நாஸுக்குன்னு விக்கிற டிஸ்க் 7 நொடி மாதிரி முயற்சி பண்ணிட்டு முடியலைன்னு சொல்லிடும், அர்ரே உடனே பேரிட்டியில இருந்து கணக்கு போட்டு அந்த செக்டரை திரும்ப எழுதிக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது.

அதனால முதல்ல ஸ்மார்ட் ரிப்போர்ட்டை, அதாவது டிஸ்க் தன்னோட உடம்பு நிலைமையை தானே குறிச்சு வெக்கிற பட்டியலை, பாருங்க. அதுல 5ம் நம்பரும் (மாத்தி வெச்ச கெட்ட செக்டர்) 197ம் நம்பரும் (படிக்க முடியாம காத்திருக்கிற செக்டர்) ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கோட தட்டுலதான் கோளாறு, மாத்திடுங்க. 199 (டேட்டா வர்ற வழியில நடந்த பிழை) மட்டும் ஏறுதா, அனேகமா கேபிள்தான், நல்ல டிஸ்க்கை குப்பையில போடாதீங்க. உருவுறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபாருங்க, ஏற்கனவே ஒண்ணு போன ரெய்டு 5ல தப்பா நல்ல டிஸ்க்கை உருவினா அர்ரே அங்கேயே படுத்துடும்.

ஒரே நேரத்துல ரெண்டு மூணு டிஸ்க் காணாம போனா பவர், கன்ட்ரோலர், கேபிள்னு இதுங்க மேலதான் முதல் சந்தேகம் போகணும், டிஸ்க்குங்க அப்படி கூட்டா சாகுறது அபூர்வம். அந்த நேரம் பெட்டி "புதுசா அர்ரே உருவாக்கவா"ன்னு கேக்கும், சரின்னு மட்டும் அழுத்திடாதீங்க. ஒவ்வொரு டிஸ்க்லயும் அர்ரேல மாற்றம் நடக்க நடக்க ஏறுற ஈவென்ட் கவுன்ட்னு ஒரு நம்பர் இருக்கும், எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்னா பழையபடி சேத்து எழுப்பிட வாய்ப்பு நெறைய. டிஸ்க் நிஜமாவே தடுமாறுதுன்னா முதல்ல கெட்ட டிஸ்க்ல இருந்து படிக்க முடிஞ்சதை நகல் எடுக்கிற டிடிரெஸ்க்யூங்கிற புரோகிராமை வெச்சு வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்துட்டு, நகல்ல வித்தையெல்லாம் பண்ணிப் பாருங்க.

ஸ்லோன்னு வர்ற புகாருக்கு பல நேரம் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இருக்காது. காப்பி நொடிக்கு 11, 12 மெகாபைட்லயே நிக்குதுன்னா லிங்க் 100 மெகாபிட்ல இறங்கி நிக்குதுன்னு வெச்சுக்கலாம், ஜிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடி கம்பியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும், மிச்ச ரெண்டு ஜோடியில ஒரு கம்பி அறுந்தாலும் சத்தமில்லாம இறங்கிடும். இன்னொண்ணு ஜம்போ ஃப்ரேம், அதாவது நெட்வொர்க்ல ஒரு தடவைக்கு அனுப்புற பொட்டலத்தை வழக்கமான 1500 பைட்டுக்கு பதிலா 9000 பைட்டா பெருசாக்குறது. நாஸ்லயும் உங்க கம்ப்யூட்டர்லயும் 9000, நடுவுல சுவிட்ச்ல 1500னு இருந்தா பிங் போகும், ஃபோல்டர் திறக்கும், பெரிய ஃபைல் காப்பி மட்டும் தொங்கும். துண்டு போடக் கூடாதுன்னு சொல்லி 8972 பைட்ல ஒரு பிங் அடிச்சு பாருங்க, பதில் வரலைன்னா வழியில எங்கயோ ஒருத்தன் 1500லயே இருக்கான்.