விடுமுறைக்கு மறுநாள் இரவு பேட்ச் ஏன் விழுகிறது?

கோலாலம்பூரில் வங்கி, காப்புறுதி மெயின்பிரேம் எனும் பெருங்கணினிகளில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த இரவில் பேட்ச் (வரிசையாகத் தானே ஓடும் ஜாப்கள்) எஸ்பி37 அபெண்டில், அதாவது கோப்புக்கு இடம் போதாமல், நடுவில் நிற்பதை எதிர்பார்த்தே உட்காருவார்கள். பல நாள் பரிவர்த்தனை மொத்தமாக வந்து குவியும். கோப்புக்கு எவ்வளவு இடம் என்று கேட்கும் ஸ்பேஸ் வரியோ பழைய ஜேசிஎல்லில் (ஜாப்பை ஓட்டும் கட்டளை வரிகள்) இருந்து அப்படியே காப்பி அடித்ததாக இருக்கும்.

முதலில் பிளாக் அளவு (பிளாக்சைஸ்), அதாவது எத்தனை பைட்டை ஒரே கட்டாக டிஸ்க்கில் எழுதுவது என்பது. 3390 ரக டிஸ்க்கில் 15 டிராக் (வட்டப் பாதை) சேர்ந்தது ஒரு சிலிண்டர். 80 பைட் ரெக்கார்டுக்கு பிளாக்சைஸ் 27920 கொடுத்தால் ஒரு டிராக்கில் 698 ரெக்கார்டு அடங்கும். பிளாக்சைஸும் 80 என்றால் 78தான். 5 லட்சம் ரெக்கார்டுக்கு முதல் வழியில் 48 சிலிண்டர் போதும், இரண்டாவதில் 428 வேண்டும். பிளாக்சைஸ்=0 என்று விட்டால் சிஸ்டமே சரியான அளவை எடுத்துக்கொள்ளும். எதற்கு வீண் வேலை?

அடுத்து பிரைமரி (முதலில் கேட்கும் இடம்), செகண்டரி (போதாதபோது ஒவ்வொரு முறையும் கூட்டிக் கேட்கும் இடம்). சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுக்கு (வரிசையாக எழுதும் கோப்பு) ஒரு வால்யூமில் (டிஸ்க்கில்) 16 எக்ஸ்டென்ட்தான் (தொடர்ச்சியான இடத்துண்டு). (20,5) சிலிண்டர் கேட்டால் 20+15×5, அதாவது 95 வரை வளரும் என்று கணக்குப் போடுவோம். வால்யூம் துண்டுதுண்டாகக் கிடந்தால் பிரைமரியே 5 எக்ஸ்டென்ட் வரை தின்றுவிடும். மிச்சம் 11, உச்சம் 75. நேற்று ஓடிய ஜாப் இன்று விழுவதற்கு இதுவும் காரணம். செகண்டரியே கொடுக்காவிட்டால் வருவது எஸ்டி37 அபெண்ட். ஸ்பேஸ் வரியில் ஆர்எல்எஸ்இ (ரிலீஸ்) போட்டால் மிச்ச இடம் திரும்பிவிடும், ஆகவே தாராளமாகக் கேளுங்கள். தினமும் மோட் (இருக்கும் கோப்பின் முடிவில் சேர்ப்பது) போட்டு வளர்க்கும் கோப்பில் மட்டும் அது வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை விட்டுவிட்டுப் புது எக்ஸ்டென்ட் பிடிக்கும்.

அபெண்டைவிட ஆபத்தானது சத்தமில்லாத தவறு. எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் சிஸ்டம் வசதி) இல்லாத வால்யூமில், கேட்டலாக்கில் (எந்தக் கோப்பு எந்த வால்யூமில் என்ற பட்டியல்) ஏற்கெனவே உள்ள பெயரில் நியூ, கேட்லாக் (புதிதாக உருவாக்கு, பட்டியலில் சேர்) என்று டிஸ்ப் (கோப்பின் நிலையையும் முடிவில் அதை என்ன செய்வது என்பதையும் சொல்வது) கொடுத்தால், கோப்பு வேறு வால்யூமில் உருவாகிவிடும். ஜாப் ரிட்டர்ன் கோடு 0, அதாவது பிழையில்லை என்று காட்டும். லாக்கில் மட்டும் 'நாட் கேட்லாக்ட் 2' (பட்டியலில் சேரவில்லை) என்று ஒரு வரி. அடுத்த ஜாப் நேற்றைய கோப்பைப் படித்துவிட்டு நிம்மதியாக முடியும்! எஸ்எம்எஸ் இருந்தால் டூப்ளிகேட் பெயர் என்று அங்கேயே நிறுத்திவிடும், அதுவே மேல்.

அதனால் முதல் ஸ்டெப்பாக ஐஇஎஃப்பிஆர்14 (தானாக எதுவும் செய்யாத சிறு புரோகிராம்) வைத்து, டிஸ்ப்=(மோட்,டெலீட்,டெலீட்) கொடுத்துப் பழையதை நீக்குங்கள். கோப்பு இல்லாத நாளில் மோட் அதைப் புதிதாக உருவாக்கப் பார்க்கும், எனவே அந்த டிடி வரியிலும் (கோப்பைக் குறிக்கும் ஜேசிஎல் வரி) ஸ்பேஸ் இருக்க வேண்டும். புது கோப்பின் டிஸ்ப்பில் மூன்றாவது இடத்தில் டெலீட் போட்டால், பாதியில் விழுந்த ஜாப் அரைகுறைக் கோப்பை விட்டுவைக்காது.

நீண்ட விடுமுறைக்கு முன் ஐஎஸ்பிஎஃப் (மெயின்பிரேம் திரை மெனு) 3.4 கோப்புப் பட்டியலில் எக்ஸ்டி (எக்ஸ்டென்ட் எண்ணிக்கை) என்ற பத்தியைப் பாருங்கள். 12, 13 என்று காட்டும் கோப்புக்கு அன்றே பிரைமரியை ஏற்றிவிடுங்கள்.