பலாத்-சிபூயாஸ்: வெங்காயத் தோலும் தொட்டாற்சிணுங்கியும்

பிலிப்பைன்ஸைப் பற்றி வெளிநாட்டார் யாராவது ஏடாகூடமாக ஏதாவது சொல்லி அங்கே கண்டனம் கிளம்பினால் போதும், மறுநாளே தமிழில் 'வெங்காயத் தோல் கொண்ட பிலிப்பினோக்கள்' வந்து நிற்கிறார்கள். சிலர் இதற்கு மெருகேற்றி 'வெங்காயத் தோலினர்' என்கிறார்கள். 'மெல்தோலர்' என்று தனித்தமிழாக்கி நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. மூன்றையும் படிக்கிற தமிழருக்கு, 'எளிதில் புண்படுகிறவர்கள்' என்று சொல்ல வந்தது போய்ச் சேர்வதில்லை.

மூலச் சொல் பிலிப்பைன்ஸில் பேசப்படும் தகாலோக் மொழியின் 'பலாத்-சிபூயாஸ்'. 'பலாத்' என்றால் தோல். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். முதல் அசையில் விழுந்தால் மச்சம், பிறவித் தழும்பு என்று பொருள் மாறிவிடும். 'சிபூயாஸ்' ஸ்பானிய 'செபோயா'வின் பன்மை வடிவத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு வெங்காயமானாலும் சிபூயாஸ்தான். ஸ்பானியப் பன்மையை ஒருமையாகப் புழங்குவது தகாலோக்கில் சகஜம்: ஆப்பிளுக்கு 'மன்சானாஸ்', செருப்புக் கடையில் 'சபாத்தோஸ்'. ஆக, நேர்ப்பொருள் வெங்காயத் தோல். வழக்குப் பொருள், சின்னச் சொல்லுக்கும் புண்பட்டுப்போகிற ஆள். இதன் எதிர்ச்சொல் 'பலாத்-கலபாவ்', அதாவது எருமைத் தோல்.

இந்த எதிர்ச்சொல்தான் மொழிபெயர்ப்பாளர்களை வழுக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். தமிழிலும் எருமைத் தோல் அதே பொருளில் இருக்கிறது, எருமை மேல் மழை பெய்வதும் இருக்கிறது. அது பொருந்திவிட்டதே, இதுவும் பொருந்தும் என்று வெங்காயத்தையும் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். பொருந்தாது. தமிழில் வெங்காயம் மென்மைக்கு அடையாளமாக எப்போது இருந்தது? உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பதுதான் நம்மிடம் வெங்காயத்துக்கு உள்ள பொருள். பெரியார் மேடையில் 'வெங்காயம்' என்று சொன்னால், எதிராளியின் வாதம் வெற்று வாதம் என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. இன்றும் 'பெரிய வெங்காயம்' என்றால் ஏளனம்தான். ஆகவே 'வெங்காயத் தோல் கொண்டவர்கள்' என்று படிக்கிறவர், உள்ளே சரக்கில்லாதவர்கள் என்றே எடுத்துக்கொள்வார். புண்படுகிறவரைச் சொல்லப் போய் உள்ளீடற்றவர் என்று சொல்லிவிட்டோம். இப்படிச் சொன்னதற்கு அவர் இன்னொரு முறை புண்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

தோலிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் சொல் தோலில் படுகிறது. தமிழில் அது நெஞ்சில் தைக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, மனசைச் சுடுகிறது. தோல் தடித்தவன் என்று நாம் சொல்வது சொரணை இல்லாதவனை. அதற்காகத் தோல் மெலிந்தவன் சொரணை மிக்கவன் ஆகிவிடமாட்டான். மெலிந்த தோல் என்றால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்வோம். தோலை உரித்துவிடுவேன் என்பது நம்மிடம் மிரட்டல். 'வெங்காயத் தோல்', 'உரித்தல்' இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பத்தியை எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது குற்றம், இது தகாலோக்கிலிருந்தே வருவதில்லை. பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தில் 'ஆனியன்-ஸ்கின்ட்' என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதிலிருந்துதான் நம்மவர்கள் பெயர்க்கிறார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இந்த நகர்வைப் பார்க்கலாம். 1918இல் புஸ்தோஸ் வழக்கில், அரசு ஊழியர் தம் அலுவல் பற்றிய விமர்சனத்துக்கு அளவுமீறி 'மெல்லிய தோல்' காட்டக் கூடாது என்று அமெரிக்க ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1994இல் யாபுத் வழக்கில், மக்கள் தேர்ந்தெடுத்த பதவியில் இருப்பவர் 'வெங்காயத் தோல்' உள்ளவராக இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். எழுபத்தாறு ஆண்டில் ஆங்கிலத் தோல் தகாலோக் வெங்காயமாகிவிட்டது. அவர்கள் தங்கள் மொழியின் உவமையை நீதிமன்ற ஆங்கிலத்துக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நாமோ நம் உவமையைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்களுடையதை இரவல் வாங்குகிறோம்.

நம்முடையது தொட்டாற்சிணுங்கி. செடிக்கும் ஆளுக்கும் ஒரே பெயர், எல்லா ஊருக்கும் தெரிந்த பெயர். 'பதவியில் இருப்பவர் தொட்டாற்சிணுங்கியாக இருக்கலாகாது' என்று அந்தத் தீர்ப்பு வரியை மாற்றிப் பாருங்கள், அடிக்குறிப்பே வேண்டாம். சிணுங்கல் குழந்தைத்தனமானது, இவர்களோ அவதூறு வழக்குப் போடுகிறார்கள், தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், அதற்கு இந்தச் சொல் போதாது என்று ஒரு மறுப்பு உண்டு. ஆனால் வழக்கில் அந்தச் சொல் அழுகையோடு நிற்பதில்லை. ஒன்று சொன்னால் மூன்று நாள் முகம் தூக்குகிற மேலதிகாரியையும் அப்படித்தான் சொல்கிறோம். குழந்தைத்தனம் என்ற லேசான கிண்டல் பலாத்-சிபூயாஸிலும் இருக்கிறது. கிண்டல் கூடாத இடத்தில், சட்ட ஆவணம் மாதிரியான இடத்தில், 'எளிதில் புண்படுபவர்' என்று நேராக எழுதிவிட்டுப் போகலாம்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. அந்தச் செடி பிலிப்பைன்ஸிலும் வழியோரமெல்லாம் உண்டு. பெயர் 'மகாஹியா', 'ஹியா' என்ற வேரிலிருந்து வந்தது. ஹியா என்றால் வெட்கம், கூச்சம், நாலு பேர் முன்னால் தலைகுனிவு, எல்லாம்தான். அங்கே அந்தச் செடி வெட்கப்படுகிறது, இங்கே சிணுங்குகிறது. எனவே ஒரு பெண்ணை மகாஹியா போன்றவள் என்று தகாலோக்கில் படித்தால் கூச்ச சுபாவம் என்று எழுத வேண்டுமே தவிர, தொட்டாற்சிணுங்கி என்று எழுதிவிடக் கூடாது. ஒரே செடி, இரண்டு குணம்.

அடுத்து 'அமோர் புரோப்பியோ'. ஸ்பானியம் விட்டுப்போன சொல். பிலிப்பைன்ஸ் விழுமியங்களைப் பற்றி 1960களில் எழுதிய ஃபிராங்க் லிஞ்ச் என்ற இயேசு சபை மானிடவியலாளர் ஹியாவோடு இதையும் சேர்த்துப் பேசியதிலிருந்து, அந்த நாட்டைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இது தலைகாட்டுகிறது. தமிழில் இதைத் 'தற்காதல்' என்கிறார்கள். அகராதியைப் பார்த்துப் பிரித்துப் போட்டது, கண்ணாடி முன் நின்று தன்னை ரசிப்பவன்தான் நினைவுக்கு வருகிறான். இன்னும் சிலர் 'தன்மானம்' என்கிறார்கள். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தன்மானம் உள்ளவன் வாய் பேசாமல் எழுந்து போகலாம். அமோர் புரோப்பியோ சீண்டினால் சீறுவது, சபையில் இழுக்கு வந்தால் உடனே கிளர்வது. அதற்குத் தமிழில் அச்சு அசலான சொல் ரோசம். வடசொல்தான், 'ரோஷ' என்றால் அங்கே வெறும் கோபம். தமிழுக்கு வந்த பிறகு அது மானத்தோடு ஒட்டிக்கொண்டு மான ரோசம் ஆயிற்று, 'ரோசம் கெட்டவன்' கடும் வசையாயிற்று. தகாலோக்கின் 'வாலாங் ஹியா', வெட்கங்கெட்டவன் என்ற வசை, இதற்குப் பக்கத்து வீடு. தூய்மை வேண்டும் என்று ரோசத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தன்மானத்தை உட்கார வைப்பவர்களுக்குச் சொல் கிடைத்தது, பொருள் போய்விட்டது.

'பிகோன்', 'தம்போ' இரண்டையும்கூட 'புண்படுதல்' என்ற ஒரே சாக்கில் கட்டுவதைப் பார்க்கிறேன். பிகோன் கேலி தாங்காதவன். 'ஆங் பிகோன், தாலோ' என்று அங்கே சொல்வதைக் 'கடுப்பானவன் தோத்தான்' என்றால் முடிந்தது. தம்போ நெருங்கியவர்களிடம் காட்டும் பிணக்கு, வந்து சமாதானப்படுத்துவார்கள் என்ற எதிர்பார்ப்போடு. இதற்கு ஊடல் வரை நம்மிடம் சொல் கொட்டிக் கிடக்கிறது.

பிலிப்பினோ என்ற பெருமையைக் குறிக்கும் 'பினோய் பிரைட்' என்பதைத் 'தேசிய வெறி' என்று எழுதுவது வேறு வகைத் தவறு. குத்துச்சண்டையில் மேனி பாக்கியாவ் வென்றதற்குத் தெரு நிறைவது வெறி அல்ல, பெருமிதம். தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொன்ன நான்கு காரணங்களில் தறுகண்ணும் புகழும் இருக்கின்றன. இரண்டும் அந்த மேடையில் இருந்தன. பெருமிதத்தையும் தொட்டாற்சிணுங்கித்தனத்தையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், அந்த நாட்டுக்குள்ளேயே இரண்டையும் பிரித்துப் பேசுகிறவர்களின் குரல் தமிழில் கேட்காமல் போகிறது. பலாத்-சிபூயாஸ் வெளியார் வைத்த பட்டம் அல்ல. ஒரு பிலிப்பினோ இன்னொரு பிலிப்பினோவை, பெரும்பாலும் அரசியல்வாதியை, கடிந்துகொள்ளும் சொல் அது. தம் மக்கள் சோம்பேறிகள் என்ற ஸ்பானியர்களின் குற்றச்சாட்டுக்கு 1890இல் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரான எழுத்தாளர் ஹோசே ரிசால் எழுதிய பதிலைப் பாருங்கள். சோம்பல் இருக்கிறது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதன் காரணங்களைக் காலனி ஆட்சியின் வாசலில் கொண்டுபோய் அடுக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸில் அவரும் நண்பர்களும் ஸ்பானியர்கள் உள்ளூர் மக்களை இழிவாக அழைத்த 'இந்தியோ' என்ற வசைச் சொல்லையே எடுத்து, 'இந்தியோஸ் பிராவோஸ்', அதாவது வீர இந்தியோக்கள், என்று தங்கள் குழுவுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். இவர்களையும் சேர்த்து 'பிலிப்பினோக்களின் இயல்பு' என்று எழுதுவதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது.

கடைசியாக 'பெர்சோனா நான் கிராட்டா'. 1998இல் மணிலாவில் படப்பிடிப்பு முடித்துப் போன நடிகை கிளேர் டேன்ஸ், ஊரெல்லாம் கரப்பான் பூச்சி நாற்றம் என்று பேட்டி கொடுத்தார். மணிலா நகர மன்றம் அவர் படங்களைத் திரையிடத் தடை போட்டு, அவரை இப்படி அறிவித்தது. இதை 'நாடு கடத்தல்' என்றும் 'நாட்டுக்குள் நுழையத் தடை' என்றும் எழுதுவது தவறு. வேற்று நாட்டுத் தூதர்களைத் திருப்பி அனுப்ப நாடுகள் பயன்படுத்தும் சொல் அது, 1961 வியன்னா உடன்படிக்கையில் இடம்பெற்றது. நகர மன்றத்துக்கு விசாவை மறுக்கும் அதிகாரம் கிடையாது. அங்கே அது வெறும் கண்டனத் தீர்மானம். 'வேண்டாதவர் என அறிவித்தது' என்றால் சரியாக இருக்கும். 2009இல் நடிகர் அலெக் பால்ட்வின், பிலிப்பைன்ஸிலிருந்து மணப்பெண்ணைத் தபாலில் வரவழைக்கலாம் என்று தொலைக்காட்சியில் அடித்த ஜோக்குக்குக் கிடைத்தது வேறு: குடிவரவுத் துறையே அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றியது. நுழையத் தடை என்று எழுத வேண்டிய இடம் அதுதான்.