கியாகுதை: துஷ்பிரயோகமா, வதையா?

‘எண்பது வயதுத் தாயை மகன் துஷ்பிரயோகம் செய்தார்.’ ஜப்பானியக் குடும்பங்களைப் பற்றித் தமிழில் வந்த ஒரு கட்டுரையில் இந்த வரியைப் படித்ததும் அதற்கு மேல் போக மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஐயையோ, பெத்த தாயையா!’ என்று பதறினார். அவர் புரிந்துகொண்டது பாலியல் குற்றம். கட்டுரை சொல்ல வந்தது வேறு. மகன் வேலைக்குப் போகும்போது அறையை வெளியே தாழிட்டுவிட்டு, திரும்பி வரும்வரை தாய்க்குச் சோறும் தண்ணீரும் வைக்காமல் விட்டிருக்கிறான். ஒரு சொல் தவறியதால், நடந்த கொடுமை மறைந்து நடக்காத ஒன்று வாசகர் மனத்தில் ஏறிவிட்டது. ‘முதியோர் துஷ்பிரயோகம்’ என்ற தொடரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானிய மூலச்சொல் ‘கியாகுதை’. முதியோரைக் குறிக்கும் ‘கோரெய்ஷா’வைச் சேர்த்து ‘கோரெய்ஷா கியாகுதை’ என்பார்கள். ‘கியாகு’ என்ற எழுத்தில் புலித்தலையும் நகமும் இருக்கின்றன. கொடுமை என்று பொருள். ‘தை’ என்றால் காத்திருத்தல், எதிர்கொள்ளுதல், ஒருவரை நடத்துதல். விருந்தினரை உபசரிப்பதைக் குறிக்கும் சொற்களிலும் இதே எழுத்துதான் வரும். ஆக, கியாகுதை என்பது ஒருவரைக் கொடுமையாக நடத்துவது. சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், ஜப்பானில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். சொற்பிறப்பு இவ்வளவே.

இந்தச் சொல்லில் ‘பயன்பாடு’ எங்கே இருக்கிறது? ஓரெழுத்தில்கூட இல்லை. அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. ‘அப்யூஸ்’ (abuse) என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘தவறாகப் பயன்படுத்து’ என்பது. அதிகாரத்தைப் பற்றிச் சொன்னாலும் குழந்தையைப் பற்றிச் சொன்னாலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். நாம் முதலில் ‘அதிகார துஷ்பிரயோகம்’ என்றோம். அது சரி, அதிகாரம் என்பது பிரயோகிக்கிற ஒன்று. ‘நிதி துஷ்பிரயோகம்’ என்பதும் சரி. பிறகு ஆங்கிலத்தில் அதே சொல் மனிதரோடு வந்தபோது, சிந்திக்காமல் அங்கேயும் அதையே ஒட்டினோம். இலங்கையில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ அரசு ஆவணங்களிலேயே நிலைத்துவிட்டது. சிறுவரும் முதியவரும் நாம் பிரயோகிக்கும் பொருள்களா? சரியாகப் பயன்படுத்தினால் குற்றமில்லை, தவறாகப் பயன்படுத்தினால்தான் குற்றம் என்றல்லவா அந்தத் தொடர் சொல்கிறது?

தனித்தமிழ் அன்பர்கள் இதைத் திருத்த வந்து மேலும் குழப்பினார்கள். ‘முதியோர் தவறான பயன்பாடு’ என்பது பிழையைத் தமிழாக்கிய பிழை. ‘முதியோர் முறைகேடு’ என்ற தொடரைப் பார்த்தால், முதியவர்கள் ஏதோ கணக்கில் மோசடி செய்துவிட்டார்கள் என்று தோன்றும். ‘முதியோர் வன்முறை’யும் அப்படித்தான், செய்தவர் முதியவரா, பட்டவர் முதியவரா என்று தெரிவதில்லை. அன்றியும், வன்முறைக்கு ஜப்பானியத்தில் ‘போர்யொகு’ என்று தனிச்சொல் உண்டு. ‘வன்கொடுமை’ என்று எழுதுவோரிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அவர்களுக்குக் கொடுமையின் கனம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பட்டியலினத்தார், பழங்குடியினர் மீதான சாதிக் கொடுமைக்கு உரியதாகிவிட்டது. அந்த உரிமையைக் கலைக்கக் கூடாது.

நான் ‘முதியோர் வதை’ என்று எழுதுகிறேன். காரணம் எளிது. ‘ஏண்டா வயசான மனுஷியைப் போட்டு இப்படி வதைக்கிறே?’ என்று கேட்பது நம் தெருக்களில் கேட்கிற தமிழ். அடித்தாலும் வதை. திட்டினாலும் வதை. சோறு போடாமல் விட்டாலும் வதை. ஒரே நாளில் நடப்பதல்ல, நாள்தோறும் நடப்பது என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது.

வதை வடசொல்தானே, அங்கே அதற்குக் கொல்லுதல் என்றல்லவா பொருள் என்று கேட்பார்கள். வடசொல்தான், மறுக்கவில்லை. ‘பசுவதை’ என்ற தொடரில் கொலைப்பொருள் இன்னும் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மிருகவதைத் தடுப்புச் சட்டம்’ என்ற தொடரைப் பாருங்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது, தீனி போடாமல் கட்டி வைப்பது எல்லாம் அங்கே வதை. இதில் எனக்கு இன்னொரு வலுவான சான்றும் கிடைக்கிறது. விலங்கைக் கொடுமை செய்வதற்கு ஜப்பானியர் சொல்வது ‘தோபுத்ஸு கியாகுதை’. விலங்குக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அவர்களிடம் ஒரே கியாகுதைதான். நம்மிடம் அதற்கு நேரான சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, ஆங்கிலத்தைச் சுற்றி வர வேண்டிய தேவை என்ன? ‘முதியோர் வாட்டல்’ என்றும் எழுதிப் பார்த்தேன். பசி வாட்டும், தனிமை வாட்டும், தூய தமிழும்கூட. ஆனால் பெயர்ச்சொல்லாக அது வாயில் நிற்கவில்லை. தூய்மையைவிடத் தெளிவே எனக்கு முக்கியம்.

நான் இவ்வளவு வாதாடுவது அகராதிக்காக மட்டுமல்ல. துஷ்பிரயோகம் என்று எழுதியதும் ஒரு கெட்டவன் கண்முன் வந்துவிடுகிறான். ஜப்பானிய வீடுகளில் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கெட்டவன் தடையாக இருக்கிறான். அங்கே முதியவரை வதைப்பவர் பெரும்பாலும் அவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவரேதான். 2005 நவம்பரில் நிறைவேறி 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரே அதைக் காட்டுகிறது. முதியோர் வதையைத் தடுப்பதும், அவர்களைப் பேணுகிறவர்களுக்கு ஆதரவளிப்பதும் அந்த ஒரே பெயரில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. குற்றவாளியாகக் கருதப்படக்கூடியவருக்கு உதவி செய் என்று தலைப்பிலேயே சொல்லும் சட்டம் அது. நம் மொழிபெயர்ப்புகள் பெயரின் இரண்டாம் பாதியை வெட்டிவிடுகின்றன.

பேணுகிறவர் ஏன் வதைக்கிறார்? இதற்கு ஜப்பானியப் பண்பாட்டுச் சொற்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றையும் நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். ‘ஓயகோகோ’ என்பதைப் ‘பெற்றோர் பக்தி’ என்கிறார்கள். பக்தி அல்ல, கடன். ‘கோ’ என்ற எழுத்தில் மேலே முதியவர், கீழே பிள்ளை. பிள்ளை முதியவரைச் சுமந்து நிற்கும் வடிவம். 1898ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் இந்தக் கடனைக் குடும்ப அமைப்பாகவே ஆக்கியது. மூத்த மகனுக்கு வீடும் தலைமையும்; பெற்றோர் அவன் பொறுப்பு. 1947இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது, சொத்தும் பிள்ளைகளுக்குச் சமமாயிற்று. எதிர்பார்ப்பு மட்டும் போகவில்லை. ஆனால் உடம்பால் அந்தக் கடனை அடைத்தவள் மருமகள், அதாவது ‘யோமெ’. பெண்ணையும் வீட்டையும் சேர்த்து எழுதும் எழுத்து அது. மாமியார் அதிகாரத்தில் பல ஆண்டுகள் இருந்தவளிடம், அதே மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு ஒப்படைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. முதியவரை முதன்மையாகப் பார்த்துக்கொள்வோரில், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் துணைவர், பெரும்பாலும் மருமகள், 2001இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 2022இல் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. 2000இல் வந்த நெடுங்காலப் பேணல் காப்பீடும் வெளியாள் உதவியைப் பெற வழி செய்தது. ஆனாலும் வதை குறையவில்லை. 2023 நிதியாண்டில் வீடுகளில் நடந்ததாக உள்ளாட்சிகள் உறுதிசெய்த நிகழ்வுகள் 17 ஆயிரத்தைத் தாண்டின. வதைப்போரில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு மகன்கள். அடுத்து கணவன்மார், பிறகு மகள்கள். வதைபடுவோரில் நான்கில் மூன்று பேர் பெண்கள். குடும்பத்தினரைப் பேணுவதற்காக ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். சமைத்தோ மாற்றுடை உடுத்திவிட்டோ பழகாத ஒரு மகன், மறதி நோய் கண்ட தாயோடு வருமானமும் இல்லாமல் நாலு சுவருக்குள் இருக்கிறான். கடன் என்ற சொல் அவனை உதவி கேட்கவிடாமல் தடுக்கிறது.

அடுத்த சொல் ‘செகென்தெய்’. ‘சமூகத் தோற்றம்’ என்ற மொழிபெயர்ப்பு யாருக்கும் எதையும் உணர்த்தாது. ‘செகென்’ பௌத்த நூல்களில் ‘லோகம்’ என்பதற்கு வைத்த சொல். செகென்தெய் என்றால், ஊர் உலகம் என்ன பேசும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம். வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொன்னால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. மகன் அடித்த காயத்தைக் கண்டு கேட்டால், கால் தவறி விழுந்தேன் என்கிறாள் தாய். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, வளர்த்த விதத்தில் தன் குறையும் உண்டு என்று எண்ணுகிறாள்.

மூன்றாவது ‘கமன்’. பொறுத்துக்கொள்ளுதல். பௌத்தத்தில் இதன் பழைய பொருள் ‘நான்’ என்னும் செருக்கு. அதன் ‘மன்’ வடமொழி ‘மான’ என்பதற்கு ஈடாக வைத்த எழுத்து; நம் ‘மான’மும் அங்கிருந்து வந்ததே. செருக்கைக் குறித்த சொல் பொறுமையைக் குறிப்பதாகி, போற்றத்தக்க குணமாகவும் ஆகிவிட்டது. பார்ப்பவரும் பொறுக்கிறார், படுபவரும் பொறுக்கிறார். வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் ஜப்பானிய நல்வாழ்வு அமைச்சகத்தின் வழிகாட்டி ஏடு, வதைக்கிறோம் என்றோ வதைபடுகிறோம் என்றோ அவர்கள் உணர்கிறார்களா என்பது கணக்கில்லை என்கிறது. வதை நடக்கிறதா என்பதே கேள்வி.

சொல்லில் என்ன இருக்கிறது என்போருக்கு ஜப்பானியர் செய்த ஒன்றைக் காட்டுவேன். மறதி நோய்க்கு அவர்களிடம் ‘சிஹோ’ என்ற சொல் இருந்தது. இரண்டு எழுத்தும் மடமையைக் குறிப்பவை. அது முதியவரை இழிவுபடுத்துகிறது, ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது என்று கருதி, 2004இல் அரசே அதைக் கைவிட்டு ‘நின்சிஷோ’ என்று மாற்றியது. நாமோ முதியோரையும் நோயாளரையும் பேணுவதைக் குறிக்கும் ‘கைகோ’வைக் கூடப் ‘பராமரிப்பு’ என்றே எழுதுகிறோம். சாலையையும் மின்தூக்கியையும் பராமரிக்கலாம். மனிதரைப் பேணுவோம். ‘பெரியாரைப் பேணாது ஒழுகின்’ என்று குறளிலேயே அந்த வினை இருக்கிறது. அங்கே பெரியார் என்றது வயதால் அல்ல, பெருமையால் என்றாலும் வினை நமக்கு உதவும்.

ஆகவே அந்தச் சட்டத்தை நான் ‘முதியோர் வதைத் தடுப்பு, முதியோரைப் பேணுநர்க்கான ஆதரவு முதலியன பற்றிய சட்டம்’ என்று எழுதுகிறேன். அது சொல்லும் ஐந்து வகைகளில் உடல்வதை, மனவதை, பாலியல் வதை மூன்றும் சிக்கலில்லாமல் அமைகின்றன. பேணாமல் விடுதல் என்ற வகைக்குப் ‘பேணாமை’ போதும். ஐந்தாவது, ஓய்வூதியத்தைப் பிடுங்கிக்கொள்வது, கேட்காமல் வீட்டை விற்பது போன்றவை. ‘பொருள்வதை’ என்று எழுதினால் பொருளை வதைப்பதுபோல் இருக்கிறது. இப்போதைக்கு ‘உடைமை பறித்தல்’ என்று எழுதி வருகிறேன். வதை என்ற சொல் பேணாமையிலும் இதிலும் மட்டும் விடுபட்டுப் போகிறது.