ஜூலையில் பச்சையாக நிற்கும் புல்

தென்னாப்பிரிக்காவில் சுவரையும் டேம் என்பார்கள், அதன் பின்னால் தேங்கிய தண்ணீரையும் டேம் என்பார்கள். அதனாலோ என்னவோ, தண்ணீரைப் பார்க்க வருகிறவர்கள் கரையைப் பார்ப்பதே இல்லை.

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் கரும்புக்காட்டுக்கு நடுவே இப்படிப்பட்ட சின்ன ஏரிகள் நிறைய உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தக் காலத்தில் மண்ணைக் கொட்டிக் கட்டியவை. தோட்டம் கைமாறியது, சில இடங்களில் கரும்பே போய்விட்டது, ஏரி மட்டும் பொழுதுபோக்கு இடமாக நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டில், பிரியாணிப் பானை, கரையோரம் கார் வரிசை. ஹேசல்மியர், இனாண்டா போன்ற பெரிய அணைகளைக் கவனிக்க ஆள் இருக்கிறது. நான் கவலைப்படுவது இந்தச் சின்னவற்றைப் பற்றி.

நான் சிவில் இன்ஜினியர். மண் அணைகளைச் சோதிப்பது என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு மீன்பிடி சங்கம் தங்கள் ஏரியைப் பார்க்கக் கூப்பிட்டது. ஜூலை மாதம். இங்கே அது குளிர்காலம், மழை குறைவு, புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். கரையின் வெளிப்பக்கம் இறங்கி நடந்தேன். அடிவாரத்தில் பாய் விரித்த அளவுக்கு ஓர் இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. காலை வைத்தால் சதசதவென்று உள்ளே போனது.

மேலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் குரல் கொடுத்தார்: "அது ஊத்துத் தண்ணி தம்பி. ரொம்ப நாளா வருது, ஒண்ணும் ஆகாது."

பாதி சரி. மண் கரை என்றால் தண்ணீர் உள்ளே ஊறத்தான் செய்யும், ஊறாத மண் கரை உலகத்தில் கிடையாது. எங்கே வெளியே வருகிறது, எவ்வளவு வருகிறது, கூட எதைக் கொண்டுவருகிறது என்பதுதான் கேள்வி. தெளிவாக, ஒரே அளவில் வந்தால் பல வருடம் அப்படியே போகும். கலங்கி வந்தால் கரையின் உள்ளிருக்கும் மண்ணைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மண் போன இடத்தில் சின்னக் குழாய் மாதிரி ஒரு வழி உண்டாகும். வெளிப்பக்கம் தொடங்கும் அந்தத் துளை, உள்ளே தண்ணீரை நோக்கி வளர்ந்துகொண்டே போகும். அது ஏரியைத் தொட்டுவிட்டால் பிறகு மணிக்கணக்குதான். இப்போது கட்டும் கரைகளில் மண்ணைப் பிடித்து வைத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற மணல் வடிகட்டி அடுக்கு வைப்போம். பழைய தோட்டத்துக் கரைகளில் அதைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

பச்சைப் புல்லுக்கு நேர் மேலே பார்த்தால் கரைக்குள்ளே போகிற பழைய இரும்புக் குழாய். ஏரித் தண்ணீரை அடியிலிருந்து திறந்துவிடும் மதகின் குழாய் அதுதான். குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாகக் கெட்டிப்பது கஷ்டம். அதனால் தண்ணீருக்குப் பிடித்த வழி எப்போதும் குழாயின் வெளிப்புறம்தான். வால்வைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் கலிங்கைப் பார்த்தேன், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியை. நான் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரை ஊர். கலிங்கு பாய்ந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும். இங்கே கரையின் ஒரு கோடியில் மண்ணை வெட்டிப் புல் வளர்த்து விட்டிருந்தார்கள், அதுவும் கலிங்குதான். அதன் குறுக்கே கம்பு நட்டு, கோழிவலை கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். வெள்ளத்தில் கெண்டை தப்பிப் போய்விடுகிறதாம்.

எனக்கு வயிறு கலங்கியது அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தல்ல, இந்தக் கோழிவலையைப் பார்த்து. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை என்று ஒன்று இருந்தது. கால்வாய்க்காகக் கட்டி, பயன் தீர்ந்து, கடைசியில் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்திடம் வந்தது. முந்தைய சொந்தக்காரர் அடிக் குழாய்களைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டார். வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தழையும் கட்டையும் வந்து அந்தத் தடுப்பில் அடைத்தன, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, கரை போனது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் செத்தார்கள்.

கான்கிரீட் அணைமேல் தண்ணீர் வழிந்தால் அது ஓரளவு தாங்கும். மண் கரை தாங்காது. எங்கள் சங்கத்து ஏரியிலும் கரையின் நடுப்பகுதி, கார் ஓடி ஓடி, ஒரு முழம் தாழ்ந்திருந்தது. வலை அடைத்தால் தண்ணீர் முதலில் வழியப்போவது அங்கேதான், அதாவது அடிவாரத்திலிருந்து அளந்தால் கரை மிக உயரமாக இருக்கும் இடத்தில். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இங்குள்ள யாருக்கும் மறந்திருக்காது. அந்த மழையை நினைத்துக்கொண்டு கோழிவலையைப் பார்த்தால் என் வயிறு ஏன் கலங்கியது என்று புரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, சுவர் 5 மீட்டருக்கு மேல் உயரமாக இருந்து, 50,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேக்கினால் அந்த அணையைப் பதிவு செய்ய வேண்டும். பொறுப்பு சொந்தக்காரருடையது. "எங்களுடையது சின்னது" என்பார்கள். 2 ஹெக்டேர் ஏரி, சராசரி ஆழம் இரண்டரை மீட்டர் என்றாலே அந்த அளவு வந்துவிடும். உயரத்தையும் தண்ணீர்ப் பக்கம் நின்று பார்க்கக் கூடாது, வெளிப்பக்கத்து அடிவாரத்திலிருந்து அளக்க வேண்டும். இன்னொன்று, அணை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்தும் தீர்மானிப்பார்கள். கரும்பு மட்டும் இருந்த பள்ளத்தில் இன்று தகர வீடுகள் இருக்கின்றன. அணை மாறவில்லை, அதன் ஆபத்து வகை மாறிவிட்டது.

சரி, பயந்துபோய் ஏரியை உடனே காலி பண்ணிவிடலாமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். கூடாது. உள்பக்கச் சரிவு தண்ணீரில் ஊறிக் கனத்துக் கிடக்கிறது. தாங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர் சட்டென்று இறங்கினால் அந்தச் சரிவு சறுக்கிவிடும். மெதுவாக, நாள் கணக்கில் இறக்க வேண்டும். கரைமேல் வளர்ந்திருந்த வாட்டில் மரங்களையும் இப்படித்தான், ஆத்திரத்தில் வேரோடு பிடுங்கக் கூடாது. வேர் போன குழியும் மக்கிய வேரும் தண்ணீருக்கு வழி. கன்றாக இருக்கும்போதே வெட்டியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அன்றைக்கே வலையை அறுக்கச் சொன்னேன். கெண்டை போனால் போகட்டும் என்றதும் இரண்டு பேர் முகம் சுருங்கியது. தண்ணீரை மோட்டார் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். கரையின் பள்ளத்தை மண் போட்டுக் கெட்டித்து உயர்த்தினார்கள். குழாய் வேலைக்குப் பணம் திரட்ட ஒரு வருடம் ஆனது.

அதுவரைக்கும் கசிவைச் சின்ன வாய்க்காலாக்கி, அதன் முனையில் 20 லிட்டர் வாளி வைத்தோம். வாரம் ஒருமுறை வாளி நிரம்ப எத்தனை செகண்ட், தண்ணீர் தெளிவா கலங்கலா, ஏரி மட்டம் எவ்வளவு, மழை பெய்ததா, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஏரி மட்டம் ஏறாமல் வாளி மட்டும் சீக்கிரம் நிரம்பினால் உடனே எனக்கு போன். கலங்கல் வந்தால் முதலில் கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்கு.

யார் எழுதுவது என்று கேட்டபோது, ஊற்றுத் தண்ணீர் என்று சொன்ன அந்தப் பெரியவரே கையைத் தூக்கினார். பேரனின் பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வரும். "தம்பி, அம்பத்திரண்டு செகண்டு. தெளிவு. மழை இல்ல." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.