ஆக்சில்: அச்சா, அச்சாணியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை. செம்பனைக் குலை ஏற்றும், நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் பழைய ஃபோர் வீல் லோரியை ஜாக் வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். "அண்ணே, முன் ஆக்சில் போச்சு. கனமானதா ஒண்ணு மாத்தணும்" என்றான் லோரிக்காரத் தம்பி. "எது போச்சு? உள்ள சுத்துற தண்டா, வெளிக் கூடா?" என்று திருப்பிக் கேட்டார் பட்டறை அண்ணன். தண்டுக்கு ஒரு விலை, கூட்டுக்கு வேறு விலை. ஆக்சில் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடி வைத்திருந்தது.

தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. பலர் ஆக்சிலை 'அச்சாணி' என்றே எழுதுகிறார்கள். அது தவறு. இரு சக்கரங்களையும் இணைத்துச் சுமையைத் தாங்குவது அச்சு. சக்கரம் கழன்று ஓடிவிடாமல் அச்சின் முனையில் செருகும் சிறு ஆணிதான் அச்சாணி. கடையாணி என்பதும் அதுவே. வள்ளுவர் இரண்டையும் பிரித்தே ஆள்கிறார். 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' (667) என்பதில் பேசப்படுவது உருவில் சிறிய ஆணி. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475) என்பதில் முறிவது அச்சு. ஏற்றுவது மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு தாங்காது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது புறநானூறு 102ஆம் பாட்டு. உப்பு விற்கப் போகும் உமணர், பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று, வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதை ஔவையார் 'சேம அச்சு' என்கிறார். ஸ்பேர் ஆக்சிலுக்கு இதைவிட நல்ல சொல் வேண்டுமா?

அச்சு என்ற சொல்லை வடமொழி 'அட்ச'த்தோடு தொடர்புபடுத்துவார்கள். அதே மூலத்தின் மேற்குக் கிளையில் வந்ததுதான் ஆங்கில ஆக்சில். அப்படியானால் இரண்டும் தூரத்து உறவு. மாட்டுவண்டிக்காரர்கள் 'இருசு' என்றும் சொன்னார்கள். மலாயில் இது 'கண்டார்' (gandar). ரப்பர் காட்டில் பால்வாளி தூக்கிய காண்டாக் கம்புக்கு ஓசையில் பக்கத்துச் சொல். நடுவே ஒரு கம்பு, இரு முனையிலும் சுமை என்ற அந்த உருவத்தை நினைத்தால் அச்சு சட்டென்று புரியும்.

மாட்டுவண்டியில் அச்சு சும்மா நிற்கும், சக்கரம் சுற்றும். ஃபோர் வீல் லோரியின் முன்னச்சுக்கோ மூன்று வேலை: சுமை தாங்க வேண்டும், சக்கரத்தைத் திருப்பவிட வேண்டும், இன்ஜின் விசையையும் கடத்த வேண்டும். எனவே முழுத் தொகுதியை முன்னச்சு என்றும், வெளியே இருப்பதை அச்சுக்கூடு என்றும், உள்ளே சுற்றுவதை அச்சுத்தண்டு என்றும் பிரித்துச் சொல்லலாம். கிங்பின்னும் ஓர் ஆணிதான், ஆனால் அச்சாணி அல்ல. சக்கரம் இடம் வலமாகத் திரும்புவது அதைச் சுற்றித்தான். திருப்பாணி என்பது என் பரிந்துரை.

கனமான முன்னச்சு என்றதும் ஃபோர் வீல் பிரியர்கள் சொல்லும் பெயர் அமெரிக்காவின் டானா 60. அதன் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் 9¾ அங்குலம். அதைவிடச் சிறிய டானா 44இல் 8½ அங்குலம். பழைய டானா 60 முன்னச்சுகளில் கிங்பின், பின்னால் வந்தவற்றில் அதற்குப் பதில் பால் ஜாயின்ட் எனும் பந்து மூட்டு. பாரம் ஏற்றும் வண்டிக்குக் கிங்பின்னையே நான் விரும்புவேன். ஆனால் பெயரைப் பார்த்து வாங்கிவிட முடியாது. தாங்கும் எடை, அகலம், வில்பட்டை உட்காரும் இடம் எல்லாம் நம் வண்டியோடு பொருந்த வேண்டும். முன்னச்சின் கியர் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் தேய்க்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

சொல் ஏமாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் உருண்டை பெரும்பாலும் முன்னச்சின் நடுவே இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து தண்டு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமே உருண்டையும் இருக்க வேண்டும். உருண்டை இடப்பக்கம் இருந்தால் அமெரிக்கர்கள் 'ஓட்டுநர் பக்கம்' என்று எழுதுவார்கள். ஓட்டுநர் உட்காருவது அவர்களுக்கு இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். பட்டறை அண்ணன் தம்பியிடம் சொன்னதும் இதைத்தான்: "ஆர்டர் குடுக்கிறப்ப டிரைவர் சைடுன்னு எழுதாதே தம்பி. இடதா வலதான்னு எழுது."