உப்பைப் பிரிக்கும் சவ்வும் ஒரு சிறு நாடும்

ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி மூடி வைத்தால், மறுநாள் காலையில் ஜாடியின் அடியில் நீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. மாங்காயின் செல்களுக்குள் இருந்த நீர்தான் செல்சவ்வைக் கடந்து, உப்பு மிகுந்த வெளிப்பக்கத்துக்குத் தானாக வந்திருக்கிறது. இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் நகரும், உப்பு பின்தங்கிவிடும். இது எதிர்ச்சவ்வூடுபரவல். வேலூரில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரம் செய்வது இதைத்தான். சிங்கப்பூர் என்ற சிறு நாடு தன் எதிர்காலத்தில் ஒரு பெரும் பங்கை இந்த விதியின் மேல்தான் கட்டியிருக்கிறது.

1965-ல் தனி நாடான சிங்கப்பூரின் பரப்பு இன்றும் சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது வேலூரில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால், பெய்ததைத் தேக்கி வைக்க இடம் இல்லை. மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து 2061 வரை நீர் எடுத்துக்கொள்ள 1962-ல் செய்த ஒப்பந்தம் இருக்கிறது என்றாலும், குடிநீருக்கு அண்டை நாட்டை மட்டுமே நம்பியிருக்கும் ஊருக்குப் பெருந்தொழில்கள் துணிந்து வந்துவிடுவதில்லை.

எனவே, ஒரு முறை பயன்படுத்திய நீரையே மீட்பது என்று அந்நாடு முடிவு செய்தது. 1974-ல் செய்த முதல் முயற்சி செலவு மிகுந்து, நம்பகமற்றதாகிக் கைவிடப்பட்டது. பிறகு சவ்வுகளின் தரம் உயர்ந்து விலை இறங்கியதும், 2000-ல் பெடோக்கில் செயல்விளக்க ஆலை அமைக்கப்பட்டது. 2003-ல், இப்படி மீட்ட நீர் 'நியூவாட்டர்' என்ற பெயரில் விநியோகத்துக்கு வந்தது. வழக்கமான முறையில் சுத்திகரித்த கழிவுநீர் முதலில், தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கே உள்ள துளைகளின் வழியே வடிகட்டப்படுகிறது. பாக்டீரியாக்கள் அங்கேயே தங்கிவிடும். அடுத்து எதிர்ச்சவ்வூடுபரவல், கரைந்திருக்கும் உப்பையும் வைரஸ்களையும் பிரிக்கிறது. கடைசியாகப் புறஊதாக் கதிர், தப்பிய நுண்ணுயிர் ஏதேனும் இருந்தால் அதன் மரபணுவைச் சிதைத்துப் பெருக முடியாமல் செய்கிறது. வீட்டுக் கழிவுநீரில் உப்பு கடல்நீரைவிட மிகக் குறைவு என்பதால் அழுத்தமும் குறைவாகவே போதும். மின்செலவும் கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட மிகக் குறைவு.

இந்த நீரில் பெரும்பகுதி மக்களின் குடத்துக்குப் போவதில்லை. மின்னணுச் சில்லு ஆலைகள் போன்ற தொழிற்கூடங்களுக்குப் போகிறது. சிலிக்கான் தகட்டைக் கழுவ, தாது எதுவும் கலவாத மிகத் தூய நீர் வேண்டும். அதைத் தயாரிக்க நியூவாட்டர் நல்ல தொடக்கம். பெரிய ஆறு இல்லாத தீவில் சில்லுத் தொழில் தழைக்கவும், நீர் மேலாண்மை கற்கப் பல நாட்டுப் பொறியாளர்கள் அங்கே செல்லவும் இதுவும் ஒரு காரணம். உலகத்துக்குத் தேவைப்படும் ஒன்றைத் தன் பற்றாக்குறையிலிருந்தே உண்டாக்கிக்கொண்டது அந்த நாட்டின் பெரும் சாதனை என்பேன்.

இதே சவ்வு இயந்திரம் பாலாற்றங்கரையிலும் ஓடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே அனுப்பப்படுகிறது; மாங்காய்க்கு நேர்ந்ததே தோலுக்கும் நேர்ந்து, நீர் வற்றிய தோலில் பாக்டீரியா வளர்வதில்லை. தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி நீரில் இறங்கும். நெடுங்காலம் அது மண்ணிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-ல் நம் வட ஆர்க்காட்டு மக்கள் தொடுத்த வழக்கில் உறுதிப்படுத்தியது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகள் வந்தன.

ஆனால், சவ்வு உப்பை அழிப்பதில்லை. பிரித்து ஒதுக்க மட்டுமே செய்கிறது. வீட்டு இயந்திரத்தின் கழிவுக் குழாயிலிருந்து சிந்தும் நீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் படிவதைத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிங்கப்பூர் ஒதுக்கிய உப்புநீரைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. நமக்குப் பக்கத்தில் கடல் இல்லை. அதைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருள் வேண்டும், வற்றியபின் மிஞ்சும் கலப்பு உப்பையும் எங்கேனும் குவித்து வைத்தாக வேண்டும்.

ஆகவே, அத்தீவிடமிருந்து நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, நீரைக் கலக்கவிடாத அதன் ஒழுங்கு. மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் அங்கே வெவ்வேறு. ஆலைக் கழிவு குறிப்பிட்ட அளவுக்குச் சுத்தமாகாமல் பொதுக் குழாயில் இறங்கக் கூடாது. கழிவுநீரைத் திரட்ட, கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழ்சுரங்கமே தோண்டியிருக்கிறார்கள். இங்கே அந்த ஒழுங்கு, தோல் ஊறும் தொட்டிக்கு முன்பே தொடங்கலாம். ஊறவைக்கும் முன் தோலை மரச்சட்டத்தில் அடித்து உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி உலர்ந்தபடியே கொட்டிவிடும். அப்படிக் கொட்டிய ஒவ்வொரு கைப்பிடியும் நீரில் கரைய நேராத உப்பு, பிறகு எந்தச் சவ்வும் பிரிக்க வேண்டியிராத உப்பு.