மாசு அனுமதியை விற்க விடுவது எதற்காக?

காற்றைக் கெடுக்கும் உரிமையைக் காசுக்கு விற்பதா என்று பலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் இந்தத் திட்டத்தில் காற்றைக் காப்பது விற்பனை அல்ல, அதற்கு முன்பே அரசு விதிக்கும் உச்சவரம்பு. ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு இத்தனை டன்னுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று அரசு முடிவு செய்யும். பிறகு டன்னுக்கு ஓர் அனுமதி என்று பிரித்து, இலவசமாகவோ ஏலத்திலோ ஆலைகளுக்குக் கொடுக்கும். ஆண்டு முடிவில், வெளியிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதியை ஆலை ஒப்படைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் விற்கலாம், போதாவிட்டால் வாங்கலாம்.

அமெரிக்காவில் அமில மழையைத் தடுக்க 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1995இல் பெரிய நிலக்கரி மின்நிலையங்களில் தொடங்கி, 2000இல் மற்றவற்றுக்கும் விரிவாக்கினார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்ஸைடு வாயுவில் ஒரு டன்னைக் குறைக்க ஒரு நிலையத்துக்கு 150 டாலர் ஆகிறது, இன்னொன்றுக்கு 500 ஆகிறது என்று வையுங்கள். முதலாவது கூடுதலாகக் குறைத்து, மிச்சமான அனுமதியை 300 டாலருக்கு விற்றால் இரண்டுக்கும் லாபம். மொத்த மாசு வரம்பைத் தாண்டாது. எப்படிக் குறைப்பது என்பதும் அவர்கள் விருப்பம். சிலர் கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரிக்கு மாறினார்கள். சிலர் புகையில் சுண்ணாம்புக் கலவையைத் தெளித்துக் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தினார்கள்.

சரி, ஏமாற்றினால்? அங்கேதான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. புகைபோக்கியிலேயே அளவுக் கருவி இடைவிடாமல் ஓடும். அந்தக் கணக்கு அரசுக்குப் போகும், பொதுமக்களும் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் வெளியிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் சட்டம் வைத்த அபராதம் 2,000 டாலர். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அதோடு விடவில்லை, மீறிய டன்கள் அடுத்த ஆண்டின் அனுமதியிலிருந்து கழிக்கப்படும். 1990இல் அமெரிக்க மின்நிலையங்கள் 1.5 கோடி டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்ஸைடை வெளியிட்டன. 2010இல் அது 60 லட்சம் டன்னுக்கும் கீழே வந்தது. பின்னால் வந்த வேறு விதிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஏலத்தில் யார் வேண்டுமானாலும் அனுமதி வாங்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. சுற்றுச்சூழல் குழுக்களும் மாணவர்களும் வாங்கி, யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கி வைத்தார்கள்.

உச்சவரம்பு தளர்ந்தால் எல்லாம் வீண். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கரியமில வாயுவுக்கு இதைத் தொடங்கியபோது அனுமதிகளைத் தாராளமாகக் கொடுத்துவிட்டது. 2007இல் அவற்றின் விலை ஏறக்குறைய பூஜ்யமானது. சும்மா கிடைக்கிற அனுமதி இருக்கும்போது யார் செலவு செய்து புகையைக் குறைப்பார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரியமில வாயு எங்கிருந்து வந்தாலும் உலகத்துக்கு ஒரே கேடுதான். தூசியும் ஈயமும் அப்படி அல்ல, ஆலையை ஒட்டி வாழ்பவர்களைத்தான் முதலில் தாக்கும். ஓர் ஆலை அனுமதிகளை வாங்கிக் குவித்தால் மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் அமெரிக்கத் திட்டத்தில், கையில் எத்தனை அனுமதி இருந்தாலும் அந்தந்த இடத்துக்கான காற்றுத் தர வரம்பை மீற முடியாது என்று வைத்தார்கள். அந்த விதி இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.